கடலை விற்கப் பாட்டு, கணக்குக்கு நோட்டு

கேள்வி: கணவருக்கு நைஜீரியாவின் லாகோஸ் நகரில் வேலை. எங்கள் தெருவில் அகாரா என்ற காராமணி வடை விற்கும் அம்மா, பாடிக்கொண்டேதான் விற்பார். 11 வயது மகள் அதை அப்படியே பாடுகிறாள். தானும் வறுத்த வேர்க்கடலை விற்கப்போகிறேன் என்கிறாள். சிறுவர்களுக்கான தொழில்முனைவு வகுப்புக்கு 1,50,000 நைரா கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பாதிப் பாடத்தை அவள் தெருவிலேயே படித்துவிட்டாள்.

இப்படிச் சரக்கைப் பாடி விற்பதை அந்தப் பகுதியின் யொருபா மக்கள் 'இபொலோவோ ஓஜா' என்பார்கள். அம்மாவின் பின்னால் நடந்த பிள்ளைகள் வியாபாரம் பழகியது இந்தப் பாட்டைக் கேட்டுத்தான். 'க்போனா ஃபெலிஃபெலி' என்று உங்கள் அகாரா அம்மா இழுத்தால் 'சுடச்சுட இருக்கிறது' என்று அர்த்தம். ஆறிப்போயிருக்குமோ என்று வாங்குபவர் தயங்குவதற்குள் பதில் வந்துவிடுகிறது, பாருங்கள்! உங்கள் மகளிடமும் கேளுங்கள்: கடலை வாங்க வருபவர் எதற்குத் தயங்குவார்? நமுத்திருக்குமோ, கல் இருக்குமோ, அளவு குறையுமோ? அதற்குப் பதிலாக அவளே நான்கு வரி கட்டட்டும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விற்பனைப் பாடம் இல்லை.

ஆனால் பாட்டு ஆளைக் கூட்டும். கையில் என்ன மிஞ்சியது என்று சொல்லாது. அதற்கு ஒரு நோட்டு வேண்டும். 10,000 நைராவைக் கைமாற்றாகக் கொடுங்கள், பரிசாக வேண்டாம். கடலை, கேஸ், பொட்டலத் தாள், வீட்டில் தின்று தீர்த்தது எல்லாம் செலவில் ஏறட்டும்.

அப்புறம், அகாரா அம்மா 'அஜோ' என்ற தினச் சேமிப்பு கட்டுகிறாரா என்று விசாரியுங்கள். தினமும் ஒரே தொகையை 'அலாஜோ' என்ற வசூல்காரர் வந்து வாங்கிப்போவார். நாளுக்கு 500 நைரா என்றால் 30 நாளில் 15,000. ஒரு நாள் பணத்தைக் கூலியாக எடுத்துக்கொண்டு 14,500 தருவார். வட்டி கிடையாது, நாம்தான் கூலி தருகிறோம். ஆனாலும் தினமும் எடுத்துவைக்கும் பழக்கம் படிய, குழந்தைக்கு அந்தக் கூலி தகும் என்பேன். வசூலிப்பவர் ஓடிவிட்டால் பணத்தை மீட்பது கஷ்டம். ஆகவே அந்த அம்மாவுக்குப் பல வருடம் பழகியவரிடம் மட்டும், சிறு தொகை.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: தெருவில் கூவி விற்க அனுப்பக் கூடாது. நைஜீரியாவின் 2003-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைச் சட்டம் குழந்தைகளைத் தெரு வியாபாரத்தில் ஈடுபடுத்துவதைத் தடுக்கிறது. அது சரியான சட்டமும்கூட. உங்கள் குடியிருப்பு வளாகத்துக்குள், சனிக்கிழமை மாலை, நீங்கள் பக்கத்தில் இருக்க விற்கட்டும்.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். வகுப்பைப் பற்றி அப்போது பேசுவோம்.