கணவர் குடித்துவிட்டு வரும் இரவுகளில் என்னைக் கட்டாயப்படுத்துகிறார். குடியை நிறுத்திவிட்டால் இதுவும் நின்றுவிடுமா?

தானாக நிற்காது தங்கச்சி. எங்கள் வீட்டில் குடி நின்றது, இது நிற்கவில்லை.

எங்கள் தர்மபுரிப் பக்கம் பல வீட்டில் ஆண்கள் வெளியூரில் வேலை பார்த்து வாரக் கடைசியில்தான் வருவார்கள். என் வீட்டுக்காரருக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு பாலக்கோட்டில் பஸ் இறங்கியதும் குடித்துவிட்டுத்தான் வருவார். வேண்டாம் என்றால் காதிலேயே விழாது. காலையில் கேட்டால், "போதையில என்ன பண்ணேன்னே தெரியல" என்பார். மாமியாரும், "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு, விடும்மா" என்பார்.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன செய்தோம் என்றே தெரியாதவர், பிள்ளைகளை எழுப்பிப் பாட்டி வீட்டுத் திண்ணைக்கு அனுப்புவார், தாழ்ப்பாள் போடுவார், டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்கிற தெளிவு மட்டும் எப்படி இருந்தது?

அப்புறம் மஞ்சள் காமாலை வந்து, டாக்டர் கண்டித்துச் சொல்லி, குடியை விட்டார். நான் கொடுத்துவைத்தவள் என்றார்கள். பொங்கலுக்கு வந்திருந்தபோது, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத இரவில், அதையேதான் செய்தார். போதையைக் காரணம் சொல்ல வழியில்லை. "நீ என் பொண்டாட்டிதானே" என்றார்.

அடுத்த வாரமே கலெக்டர் ஆபீசில் சமூக நலப் பிரிவில் இருக்கும், குடும்ப வன்முறைப் புகாரைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரைப் போய்ப் பார்த்தேன். அன்றைய கூலி போனது. தக்காளி பறிக்கிற வேலை எனக்கு.

மனைவிக்குப் 18 வயது நிறைந்திருந்தால், கணவன் செய்வதைப் பாலியல் வன்புணர்வாக நம் குற்றச் சட்டம் இன்றும் எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அது பெரிய அநியாயம். ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் சேர்த்தி. கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், மீறினால் ஓராண்டு வரை சிறை. அந்த அலுவலர் அம்மா இதை என் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் என் அண்ணனை வைத்துக்கொண்டே சொன்னார். அதன் பிறகுதான் நான் வேண்டாம் என்றது அவர் காதில் விழ ஆரம்பித்தது.

குடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். குடி நிதானத்தைக் கெடுக்கும், எதிரில் இருப்பவர் அழுவதுகூட உறைக்காது. ஆனால் 1975-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்திருக்கிறேன். வோட்கா என்று நம்பி மது கலக்காத வெறும் டானிக் வாட்டரைக் குடித்த ஆண்களும் அடுத்தவருக்கு மின்னதிர்ச்சியைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குடித்தால் எதுவும் செய்யலாம் என்ற அந்த நினைப்பும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. எல்லா ஆண்களையும் சொல்லவில்லை, குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

குடியை நிறுத்தவும் பாருங்கள், ஆனால் ஆஸ்பத்திரி வழியாக. தினமும் குடிப்பவர் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரும். குடி நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்காதீர்கள், அதன் மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. குடி நிற்கட்டும் என்று, கட்டாயப்படுத்துவதைப் பற்றிப் புகார் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பெண்கள் உதவி எண் 181-க்கு ராத்திரியிலும் பேசலாம். அடிதடி ஆனால் அவசர உதவி எண் 112.