நியூஸ்பேப்பர் எண் ஏன் ஜீரோ ஆச்சு?

டிவி ரேடியோவயும் சேர்த்து கணக்கு போட்டதும் நியூஸ்பேப்பரோட எண் ஏன் ஜீரோ ஆகுதுன்னு கேட்டிருந்தீங்க, உங்க கணக்குல தப்பு இல்ல சார். ஒவ்வொரு ஊர்லயும் டிவி, ரேடியோ, பேப்பர் விளம்பரத்துக்கு எவ்ளோ செலவு, எவ்ளோ விற்பனைன்னு இருக்குற அந்த 200 மார்க்கெட் டேட்டாவுல நியூஸ்பேப்பர மட்டும் வெச்சு ரெக்ரஷன் (செலவு ஏறினா விற்பனை எவ்ளோ மாறுதுன்னு பாக்குற கணக்கு) போட்டா 0.055 வரும், நீங்க பண்ண மாதிரி டிவி ரேடியோவயும் சேர்த்துட்டா -0.001 ஆயிடும், பி-வேல்யூ 0.86, அதாவது நிஜ எண் ஜீரோவா இருந்தாலும் இந்த அளவுக்கோ அதுக்கு மேலயோ தற்செயலா வர 86% வாய்ப்பு. யார் போட்டாலும் இதே தான்.

ரேடியோ தான் காரணமா இருக்கும். ரேடியோவுக்கு அதிகம் செலவு பண்ண ஊர்லயே பேப்பருக்கும் கொஞ்சம் கூட போயிருக்கு, ரேடியோ வாங்க வேண்டிய பேர பேப்பர் தட்டிட்டு போகுது.

எக்செல்ல அந்த ரெண்டுக்கும் கோரிலேஷன் (ரெண்டும் எவ்ளோ சேர்ந்து ஏறி இறங்குதுன்னு சொல்ற எண்) பாருங்க, 0.35 வரணும். வரலன்னா டேட்டாவோட முதல் column வெறும் சீரியல் நம்பரான்னு பாருங்க, நான் ஒருவாட்டி அதையும் சேர்த்து ஓட்டிட்டு முழிச்சேன்.

இங்க தர்மபுரில பசங்களுக்கு ஆடித் தள்ளுபடிய வெச்சு தான் சொல்வேன், கடைக்காரர் ஒரே வாரத்துல மைக் கட்டுன ஆட்டோவும் விடுறாரு பஸ் ஸ்டாண்ட்ல நோட்டீஸும் குடுக்குறாரு, கூட்டம் எதுனால வந்துச்சுன்னு கேட்டா போதும், கிளாஸே ரெண்டா பிரிஞ்சு அடிச்சுக்கும்.

ஆனா பசங்கள "பேப்பர் விளம்பரம் வேஸ்ட்"னு மட்டும் எழுத விட்றாதீங்க. பேப்பர் செலவ மட்டும் வேணும்னே ஏத்தி இறக்கிப் பாத்த சோதனை இல்ல இது.