பாஸ்வேர்டு சரி, ஆனா ஃபோல்டர் திறக்கல

கேள்வி: வணக்கம் அண்ணே. இறந்துபோன எங்க அம்மாவோட போட்டோ எல்லாத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்ணுல லக்ஸ் (லினக்ஸ்ல டிஸ்க்க பாஸ்வேர்டு போட்டு பூட்டுற முறை) போட்டு பூட்டி வச்சிருந்தேன். பழைய லேப்டாப் எங்க அண்ணன் செட் பண்ணிக் கொடுத்தது, அதுல அவருக்கும் ஒரு அக்கவுண்ட் இருந்துச்சு. இப்ப புது லேப்டாப், உபுண்டு, நான் மட்டும்தான். டிஸ்க்க மாட்டினா பாஸ்வேர்டு கேக்குது, போட்டா திறக்குது, ஆனா ஃபோல்டர் மேல எல்லாம் பூட்டுப் படம், 'பெர்மிஷன் டினைடு'ங்குது. தெரிஞ்சவர் ஃபார்மட் பண்ணிடுங்கிறார். போட்டோ போயிடுச்சா? — ஈசூன் வாசகி

பதில்: ஃபார்மட் மட்டும் பண்ணிடாதீங்க தங்கச்சி. பாஸ்வேர்டு ஏத்துக்கிட்டு ஃபோல்டர் பேரெல்லாம் தெரியுதுன்னா டிஸ்க் நல்லாத்தான் இருக்கு.

லக்ஸ் கேக்கறது பாஸ்வேர்டு மட்டும்தான், நீங்க யாருன்னு அதுக்குத் தெரியாது. அது திறந்தப்புறம் உள்ள ஃபைல்கள அடுக்கி வைக்கிற இஎக்ஸ்டி4ங்கிற ஃபைல் சிஸ்டம்தான் ஆள் பாக்குது, அதுவும் பேர வச்சு இல்ல, நம்பர வச்சு. நம்ம புளோக்கு லெட்டர் பாக்ஸ்ல பேரா இருக்கு, யூனிட் நம்பர்தானே? அது மாதிரிதான். உபுண்டுல முதல் அக்கவுண்ட்டுக்கு 1000, அடுத்ததுக்கு 1001. பழைய லேப்டாப்ல அண்ணன் 1000, நீங்க 1001னு இருந்திருக்கும், புதுசுல நீங்க 1000 ஆயிட்டீங்க, அதான் உங்க ஃபைலே உங்கள வெளியாள்னு நினைக்குது. தம்ப் டிரைவ்ல இந்தத் தொல்லை வராததுக்குக் காரணம், அதுல பெரும்பாலும் இருக்கிற எக்ஸ்ஃபேட்ங்கிற ஃபைல் சிஸ்டத்துக்கு ஓனர் நம்பர்னு ஒண்ணே கிடையாது.

சரிபார்த்துக்குங்க. டெர்மினல்ல (கட்டளை அடிக்கிற ஜன்னல்) 'ஐடி' (id)ன்னு அடிச்சா உங்க நம்பர் வரும். டிஸ்க்குக்குள்ள போய் 'எல்எஸ்', ஒரு இடைவெளி, 'மைனஸ் எல்என்'னு (ls -ln) அடிச்சா மூணாவது பத்தியில ஓனர் நம்பர் இருக்கும். ரெண்டும் வேறன்னா சூடோவோட (sudo, அட்மின் அதிகாரத்துல ஓட்டுறது) ஓனர மாத்துற 'சோன்' (chown) கட்டளை, மைனஸ் பெரிய ஆர், உங்க நம்பர், கடைசியில அந்த ஃபோல்டரோட பாதை. பாதைய கையால அடிக்காம ஃபோல்டர இழுத்து டெர்மினல்ல விடுங்க, ஏன்னா அங்க வெறும் ஸ்லாஷ் விழுந்தா லேப்டாப் முழுக்க ஓனர் மாறி சிஸ்டமே கெட்டுப்போயிடும்.

யாராவது பெர்மிஷன 777னு போடு, 'டிஸ்க்' குரூப்ல சேருன்னு சொன்னா கேக்காதீங்க. முதல் வழியில ஃபைல் எல்லாருக்கும் திறந்துடும், ரெண்டாவதுல உங்க அக்கவுண்ட்ல ஓடுற எந்த புரோகிராமும் டிஸ்க்க நேரா படிக்கலாம், அழிக்கலாம்.

இன்னொரு விஷயம், இதுல நிறைய பேர் குழம்புறாங்க. லேப்டாப்புக்கு உள்ளேயே இருக்கிற டிஸ்க்க திறக்கும்போது ரெண்டு பெட்டி வரலாம், ஒண்ணு டிஸ்க்கோட பாஸ்வேர்டு, இன்னொண்ணு 'ஆதென்டிகேஷன் ரிக்வயர்டு'ன்னு போல்கிட் (யாருக்கு அனுமதின்னு பாக்கிற சிஸ்டம் புரோகிராம்) கேக்கறது, அதுக்கு அட்மின் அக்கவுண்ட் பாஸ்வேர்டதான் போடணும்.

அம்மா போட்டோங்கிறதால இதையும் பண்ணிடுங்க: லக்ஸ கையாள்ற க்ரிப்ட்செட்டப் புரோகிராம்ல 'லக்ஸ்ஹெடர்பேக்கப்' (luksHeaderBackup)னு ஒரு கட்டளை இருக்கு, அது ஹெடர (டிஸ்க்கோட பூட்டு விவரம் இருக்கிற பகுதி) காப்பி எடுக்கும், ஏன்னா ஹெடர் கெட்டா சரியான பாஸ்வேர்டு போட்டாலும் திறக்காது. லக்ஸ் 2ங்கிற பதிப்புல அந்த காப்பி வழக்கமா 16 எம்பிதான், ஒரு தம்ப் டிரைவ்ல எடுத்து தனியா வைங்க, போட்டோவையும் வேற டிஸ்க்ல ஒரு காப்பி போட்டு அண்ணன் வீட்ல கொடுத்து வைங்க.