போர் நாடகத்தில் முகமூடி எதற்கு?

போரை நையாண்டி செய்யும் நாடகத்தில் முகமூடி எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க நடிகர் டிம் ராபின்ஸ் எழுதி இயக்கிய 'எம்பெடட்' நாடகம் நல்ல உதாரணம். 2003 இராக் போரில் அமெரிக்க ராணுவம் நூற்றுக்கணக்கான செய்தியாளர்களைப் படைகளோடேயே கூட்டிப் போனது; அப்படிப் போனவர்களைத்தான் 'எம்பெடட்' என்பார்கள். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் மேடையேறிய இந்த நாடகத்தில், ஒரு கர்னல் நிருபர்களைப் புது சிப்பாய்கள் மாதிரி அதட்டிப் பழக்குவார். எனக்கு அதுதான் நாடகத்தின் உயிர்.

சரி, முகமூடிக்கு வருவோம். போருக்குத் திட்டம் போடும் வாஷிங்டன் கும்பலுக்குத்தான் அது. 'ரம்-ரம்' என்று பெயர் சொன்னதுமே அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் என்று புரிந்துவிடும். சிப்பாய்களோ சொந்த முகத்தோடு வருவார்கள். கேலி யார் மேல், பரிதாபம் யார் மேல் என்பது வசனம் இல்லாமலே தெரியும். எல்லோருக்கும் மாட்டியிருந்தால் வெறும் கோமாளித்தனமாகப் போயிருக்கும்.