வாசலில் குவியும் பனி

கேள்வி: அறுபத்தாறு வயதான நானும் மனைவியும் மார்கழியில் ரொறன்ரோவிலுள்ள மகனிடம் செல்கிறோம். அவர் இரவு வேலை செய்பவர் என்பதால், வாசலில் குவியும் பனியை நான் அகற்றிக் கொடுக்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு 06

பதில்: தயவுசெய்து அந்த வேலையைத் தனியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் உயர்ந்திருக்கும் வேளையில், ஈரமான பனியை மூச்சைப் பிடித்துத் தூக்கி எறிவது இதயத்தைக் கடுமையாக வருத்தும். அவ்வாறு பனி அள்ளும்போது மாரடைப்புக்கு உள்ளானவர்கள் பலர். மருத்துவர் அனுமதித்தாலும், பனி இறுகுமுன் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள், தூக்காதீர்கள். நெஞ்சு இறுகினால் உடனே 911 ஐ அழையுங்கள்.

படிகளில் உப்புத் தூவலாம். ஆனால் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை செல்சியஸைத் தாண்டிக் குளிர்ந்தால் சாதாரண உப்பு பெரிதாக உதவாது, கல்சியம் குளோரைட்டோ மணலோ வேண்டும்.

நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பல வீடுகளில் எரிவாயு வெப்பமூட்டியின் புகை, பக்கச் சுவரிலிருந்து நீளும் வெள்ளைக் குழாய் வழியாகவே வெளியேறுகிறது. அதைப் பனி மூடிவிட்டால், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு வீட்டுக்குள் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். அந்த வாயுவை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி இயங்குகிறதா என்று, போய் இறங்கிய அன்றே மகனிடம் கேளுங்கள்.