எல் வடிவமா, யு வடிவமா, நடுவில் தனி மேடையா: புதிய வீட்டின் சமையலறைக்கு எது சரி?

வடிவத்தை இப்போதே முடிவு செய்யாதீர்கள். அது கடைசியில் தானாக வந்து நிற்க வேண்டிய விடை. இரண்டு முறை சமையலறை அமைத்தவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் முறை நான் வடிவத்தில்தான் தொடங்கினேன். வரைபடத்தில் யு வடிவம் அவ்வளவு அழகாக இருந்தது. குடிபோன பிறகுதான் தெரிந்தது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒன்றரை அடி மேடைதான் மிஞ்சியிருக்கிறது என்று. எதிர்ச் சுவரில் ஆறு அடி மேடை சும்மா கிடந்தது. கழுவிய காயை நீர் சொட்டச் சொட்ட அங்கே கொண்டுபோய் நறுக்கி, மறுபடி இங்கே கொண்டுவந்து அடுப்பில் போடுவேன். ஏழு ஆண்டுகள் அப்படியே ஓடின.

சமைக்கும்போது நம் கைகள் எங்கே அதிக நேரம் இருக்கின்றன என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அடுப்பின் முன்னால் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் ஆய்வது, உரிப்பது, நறுக்குவது, கலப்பது என்று மேடையில்தான் பெரும்பொழுது போகிறது. ஆகவே திட்டத்தின் முதல் கோடு இதுதான்: தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையில் தடையில்லாத மேடை, குறைந்தது மூன்றடி. நான்கு கிடைத்தால் விடாதீர்கள். அங்கே மிக்ஸியையோ மைக்ரோவேவையோ குடியேற்றவும் வேண்டாம். மற்றவை எல்லாம் அந்தத் துண்டைச் சுற்றி அமையட்டும்.

இது புதிய யோசனை அல்ல. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகலான சமையலறை அவருக்கு முன்மாதிரி. அந்தச் சின்ன இடத்திலும் நறுக்கும் பலகையை ஜன்னலடியில் வெளிச்சத்தில் வைத்தார். கழிவைத் தள்ளிவிட மேடையிலேயே ஓர் இழுப்பறை, உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சுழல் முக்காலி. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்குப் பெருமூச்சு வருகிறது. வேலை செய்பவளின் உடம்பை நினைத்துக்கொண்டே வரைந்த படம் அது.

ஃபிரிட்ஜ், தொட்டி, அடுப்பு மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தைப் பற்றி உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான விதி அது. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மொத்தம் 26 அடிக்குள். சரிபார்க்க நல்ல அளவுகோல்தான். ஆனால் அது ஒருவர் மட்டும் சமைக்கும் வீட்டை மனத்தில் வைத்துச் செய்தது. உங்கள் வீட்டில் இருவர் சேர்ந்து சமைப்பீர்கள் என்றால், ஒருவர் தொட்டிக்குப் போகும் வழி இன்னொருவரின் முதுகுக்கும் சூடான பாத்திரத்துக்கும் நடுவே போகிறதா என்று பாருங்கள். ஒருவர் மட்டும் வேலை செய்ய மேடைக்கு முன்னால் 42 அங்குல நடைவழி போதும், இருவர் என்றால் 48 வேண்டும்.

நடுவில் தனி மேடை கேட்டிருக்கிறீர்கள். கூட்டிப் பாருங்கள். சுவரோர மேடை 2 அடி, நடை 3½, தனி மேடை குறைந்தது 2, மறுபுறம் நடை 3½. ஆக 11 அடி. அறையின் அகலம் அதற்குக் குறைவு என்றால் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. எல் வடிவமே உங்களுக்கு நிம்மதி தரும்.

அடுத்தது உயரம். இதில் யார் சொல்வதையும் கேட்காதீர்கள், உங்கள் முழங்கையை மட்டும் கேளுங்கள். வீட்டில் எப்படி நிற்பீர்களோ அப்படியே நின்று முழங்கையை மடக்குங்கள். அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருக்கட்டும். என் உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதல். பழைய மேடை வழக்கமான 36 அங்குலம். தோள்களைத் தூக்கியபடியே நறுக்கி நறுக்கி, மாலையானால் கழுத்துப் பிடிப்பு. புதியதை 33 அங்குலமாக்கிய பிறகு அந்த வலி வரவே இல்லை. தொட்டி மட்டும் விதிவிலக்கு: அங்கே கை வேலை செய்வது அடியில் என்பதால், அந்தப் பகுதி கொஞ்சம் உயர்ந்திருந்தால் முதுகு வளையாது. மேடைக்குக் கீழே பாதம் நுழைய மூன்று அங்குலம் உள்வாங்கிய இடத்தையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் எப்போதும் எட்டி நின்றே வேலை செய்வீர்கள்.

ஃபிரிட்ஜ் வாசலுக்கு அருகே இருக்கட்டும். தண்ணீர் எடுக்க வருபவர் சமைப்பவரைக் கடந்து போகக் கூடாது. பக்கச் சுவரை ஒட்டி வைத்தால் கதவு முழுவதும் திறக்காது, உள்ளே இருக்கும் தட்டுகளை இழுக்க முடியாது. கீழே கதவு வைத்த அலமாரிகளைவிட இழுப்பறைகளே மேல். குனிந்து தலையை உள்ளே விட்டுத் தேடும் வேலை மிச்சம். விளக்கு மேல் அலமாரியின் அடியில், முன் விளிம்பையொட்டி இருக்க வேண்டும். அறையின் நடுவே மட்டும் விளக்கு இருந்தால் உங்கள் நிழலில்தான் நறுக்குவீர்கள்.

குழாயும் மின்கம்பியும் பதிப்பதற்கு முன் தரையில் சாக்பீஸால் எல்லாவற்றையும் முழு அளவில் வரைந்து, அட்டைப்பெட்டிகளை அடுக்கி, ஒரு வேளைச் சமையலைப் பொய்யாகச் செய்து பாருங்கள். நான் இரண்டாம் முறை அப்படிச் செய்தபோது அடுப்பை இரண்டடி நகர்த்தினேன், செலவே இல்லாமல். ப்ளக் பாயின்ட்டுகளையும் அப்போதே குறியுங்கள், தொட்டியிலிருந்து தள்ளி. ஓடு ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் ஆணி அடிக்கவும் குழாய் எங்கே போகிறது என்று தெரிய வேண்டியிருக்கும்.