புவாயோவுக்கு எதற்குச் சிலை?

கேள்வி: பிரெஞ்சு ரக்பி வீரர் மொரீஸ் புவாயோ நாட்டுக்காக ஆடியது ஆறே ஆட்டம், ஒன்றிலும் வெற்றியில்லை. முதல் உலகப் போரில் விமானியாக அவர் வீழ்த்திய 35இல் 21 வெறும் பலூன்கள். இவருக்கு எதற்குப் பிரான்சின் டாக்ஸ் ஊரில் சிலையும் மைதானமும்?

பதில்: எண்கள் சரி. அந்தப் பலூன்களை நீங்கள் எடைபோட்டதுதான் தப்பு. ஜெர்மானியர்கள் அவற்றில் ஹைட்ரஜன் நிரப்பி, கம்பிவடத்தில் கட்டி, ஆயிரம் மீட்டருக்கும் மேலே ஏற்றிவிடுவார்கள். பலூனுக்குக் கீழே தொங்கும் கூடையில் நிற்பவர் தொலைநோக்கியில் பார்த்து, குண்டு எங்கே விழ வேண்டும் என்று டெலிபோனில் சொல்வார். அடுத்த குண்டு பதுங்குகுழியில் இருப்பவர்கள் தலையில் விழும். பலூன் எரிந்தால் அந்தப் பகுதிப் பீரங்கிகளுக்குக் கண் போச்சு. அதனால்தான் ஜெர்மானியர்கள் ஒவ்வொன்றையும் சுற்றித் துப்பாக்கிகளை நிறுத்திக் காத்தார்கள். பலூன் நிற்கும் உயரம் கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். முன்கூட்டியே குறிவைத்துக் காத்திருக்கலாம். சாதாரணத் தோட்டா துணியைத் துளைத்துக்கொண்டு போகுமே தவிர, தீப்பிடிக்காது. தீத்தோட்டாக்களோடு பக்கத்தில் போய்ச் சுட வேண்டும். கூடையில் இருப்பவருக்காவது பாராசூட் உண்டு; தாக்கப் போன பிரெஞ்சு விமானிக்கு அதுவும் கிடையாது. 1918 செப்டம்பர் 16 அன்று அப்படி ஒரு பலூனைத் தாக்கப் போனபோதுதான் புவாயோ இறந்தார். வயது 30. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் ரக்பி. அவர் ஆடிய 1912, 1913 இரண்டு வருஷமும் பிரான்ஸ் யாரையுமே ஜெயிக்கவில்லை. 1906இல்தான் சர்வதேச ஆட்டத்துக்கே வந்த அணி அது. எதிரே இருந்த இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1871 முதல் மோதிக்கொண்டிருந்தவை. போருக்கு முன்னால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு அணிகளில் ஒன்றை பிரான்ஸ் வென்றது ஒரே தடவை: 1911இல் ஸ்காட்லாந்தை, ஒரே புள்ளி வித்தியாசத்தில். தோற்பது வழக்கமாகிப்போன அணியில் ஃபிளாங்கராக ஆடினார் அவர். எதிராளி பந்தோடு ஓடும்போதெல்லாம் பாய்ந்து மடக்க வேண்டிய இடம் அது. அடி வாங்கும் அணியில் அந்த வேலைக்கு ஓய்வே இல்லை. 1913இல் அந்த அணிக்கே கேப்டனானார்.

அல்ஜீரியாவில் பிறந்தவர்தான், ஆனால் டாக்ஸ் கழகத்துக்காக ஆடியவர். அந்த ஊர் அவரைத் தன் பிள்ளையாகக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்தப் போரில் பிரான்ஸ் அணிக்கு ஆடியவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மற்றவர்களுக்கு ஏன் சிலை இல்லை என்று கேட்டிருந்தால், உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.